இத்தாலி பேசிய காகமும் சோறு தொடாத நவநீதமும்

பாலாற்றில் தண்ணீர் ஓடிய காலத்துக் கதை என்று ஆரம்பிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் ஆறு வெறும் மணலும் கருவேலமுமாகக் கிடந்து, அந்த மணலிலும் பாதியை லாரிகள் அள்ளிக்கொண்டு போன பிறகு, எங்கள் ஊரில் தோல்ஷாப்பு வாசனையைத் தவிர வேறெதுவும் நிலையாக இல்லாத ஒரு தை மாதத்தில்தான் இது நடந்தது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்புகிறவர்கள் நம்பலாம், நம்பாதவர்கள் எங்கள் செங்கழுநீர்த் தெருவுக்கு வந்து யாரிடம் வேண்டுமானாலும் இத்தாலி பாஷையில் வழி கேட்டுப் பார்க்கலாம்.

முதலில் ஏகாம்பரத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர் தோல்ஷாப்பில் டிரம் ஓட்டியவர், அதாவது ஒரு வீட்டளவு பெரிய மரப்பீப்பாய்க்குள் தோலையும் சுண்ணாம்புத் தண்ணீரையும் போட்டு உருட்டுகிற வேலை. அதில் கைதேர்ந்தவர் என்று பெயர் எடுத்திருந்ததால், வடக்கு இத்தாலியில் மலையடிவாரத்தில் எங்கள் ஊரைப் போலவே நாற்றமடிக்கிற வால்தோரா என்ற தோல் ஊருக்கு ஆள் கேட்டபோது முதல் ஆளாகப் போனார். மூன்று வருஷம் என்று சொல்லிப் போனவர் பத்தொன்பது வருஷம் இருந்தார், நடுவில் மூன்றே முறை வந்தார், வந்தபோதெல்லாம் தெருவுக்கே குளிர்கோட்டு கொண்டுவந்தார். எங்கள் வெயிலில் குளிர்கோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் எட்டு வீட்டுப் பீரோவில் அது இன்னும் தொங்குகிறது. மனைவி நவநீதத்துக்கும் அவருக்கும் வாரம் ஒரு போன். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, இல்லை, யோகா படிக்கிறாளா, படிக்கிறாள், வைக்கட்டுமா, வையுங்கள். அவர் போகும்போது மூன்று வயதாக இருந்த மகள் யோகலட்சுமி இந்த நாலு கேள்விக்குள்ளேயே வளர்ந்து, இருபத்திரண்டு வயதாகி, ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கப் போய்விட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வால்தோராவில் தன் அறையில் ஏகாம்பரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பெட்டி வந்தது, ஆற்று மணலில் எரித்தோம், பதினாறாம் நாள் வந்தது.

எங்களில் காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் வீட்டார் சாப்பிடுவார்கள். போனவர் பசியாறாமல், உயிரோடு இருக்கிறவர்கள் வாயில் சோறு போகக் கூடாது. காகம் வந்து கொத்திவிட்டால் அவருக்குத் திருப்தி. வந்தும் தொடாவிட்டால் மனசில் ஏதோ குறையோடு நிற்கிறார் என்று அர்த்தம். அப்போது உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கைகூப்பி வாக்குக் கொடுக்க வேண்டும், எந்த வாக்குக்குக் காகம் இறங்கி வருகிறதோ அதுதான் அவருடைய குறை.

அன்றைக்கு மொட்டை மாடியில் இலை போட்டு, கத்தரிக்காய்க் காரக்குழம்பும் மொச்சைப் பொரியலும் வடையும் பாயசமும் வைத்து, ஏகாம்பரத்தின் அண்ணன் முனிரத்தினம் கா கா என்று மூன்று முறை கூப்பிட்டதும் ஒரு காகம் வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது. இலையைப் பார்த்தது. சுற்றி நின்றுகொண்டிருந்த எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. பிறகு நவநீதத்தைப் பார்த்துத் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, "புவொன் ஜோர்னோ, சினியோரா" என்றது. பகல் நல்லபடியாகப் போகட்டும் அம்மா என்று அதற்கு அர்த்தம் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது.

காகம் பேசியது யாருக்கும் பெரிய அதிசயமாகப் படவில்லை. பத்தொன்பது வருஷம் அந்தச் சீமையில் தின்று தூங்கியவர் வேறு எந்த பாஷையில் பேசுவார் என்று கேட்டுவிட்டு மூன்றாம் வீட்டு சரோஜா வடை அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். காரியம் செய்ய வந்த பண்டாரம், கடைசி நாளில் மனசு எந்த பாஷையில் ஓடியதோ அதுதான் காகத்துக்கும் வரும் என்று சொன்னார், நாங்களும் சரிதான் என்று தலையாட்டினோம். எங்களுக்குத் திக்கென்றது வேறு விஷயத்துக்கு. காகம் சாப்பிடவில்லை.

முனிரத்தினம் முதலில் யோகலட்சுமியை நல்ல இடத்தில் கட்டிக்கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். பிறகு கிழக்குக் கொல்லையை விற்க மாட்டேன் என்றார். பிறகு குலதெய்வத்துக்குக் கிடா என்றார், அதற்கும் அசையாததால் இரண்டு கிடா என்றார். குடியாத்தத்திலிருந்து பதினோரு மணி பஸ்ஸில் வந்த சித்தி ஒருத்தி பொடி போடுவதை விட்டுவிடுகிறேன் என்று சத்தியம் செய்தாள், அவள் பொடி போடுவதற்கும் ஏகாம்பரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு வாக்கையும் காகம் மரியாதையாகக் கேட்டது, ஒவ்வொன்றுக்கும் நீளமாக, பொறுமையாக, இத்தாலியில் ஏதோ பதில் சொன்னது. இப்படியே நாலு மணியாகிவிட்டது. பசியில் உறவெல்லாம் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளாத குறை. பஸ்ஸுக்கு நேரமாகிற பண்டாரம், பசுவுக்கு வைத்தாலும் போய்ச் சேரும் என்று ஒரு வழி சொன்னார். பசு ஒரே வாயில் இலையோடு சுருட்டிவிட்டது, எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தார்கள், நவநீதம் உட்காரவில்லை.

"பசு சாப்ட்டா பசுவுக்குத்தான் பசி ஆறும்" என்றாள். "அவரு சாப்டாம நான் சோத்துல கை வெக்க மாட்டேன்."

அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. அதனால் சொன்னால் சொன்னதுதான் என்று எங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து கேழ்வரகுக் களி, சுண்டல், டீயில் நனைத்த பன் என்று அவள் பாடு நடந்தது, தினமும் பன்னிரண்டரை மணிக்கு ஒரு இலைச் சோற்றை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவதும் நடந்தது, காகம் வந்து புவொன் ஜோர்னோ சொல்லி, இலையைப் பார்த்து, அவளைப் பார்த்து, ஏதேதோ பேசிவிட்டுத் தொடாமல் போவதும் நடந்தது. முதல் நாள் அதை அது என்றோம், ஒரு வாரத்தில் அவர் என்று சொல்லத் தொடங்கிவிட்டோம். அவர் என்ன கேட்கிறார் என்று தெரிந்தால்தான் அவர் சாப்பிடுவார், அவர் சாப்பிட்டால்தான் இவள் சாப்பிடுவாள். இப்படித்தான் இத்தாலி பாஷை கற்பது எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குச் சோறு போடுகிற காரியமாயிற்று.

சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார். தோல்ஷாப்பு ஏற்றுமதி செக்ஷனில் இருபத்தைந்து வருஷமாக இத்தாலி வியாபாரிகளோடு தோலைப் புரட்டிப் புரட்டிப் பேசிய அதீகுர் ரஹ்மானுக்கு ஊரில் இத்தாலி பாய் என்றே பெயர். அவர் மூன்று மணிக்கு வந்து நவநீதம் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், நவநீதமும் யோகலட்சுமியும் தெருவில் வேலை முடித்த பெண்களும் வேலையே இல்லாத ஆண்களும் பாயில் உட்கார்ந்தோம். பாய் நல்ல வாத்தியார்தான், ஆனால் அவருக்குத் தெரிந்த இத்தாலி முழுவதும் தோல். ரொம்ப தடிமன், நிறம் தப்பு, கீறல் இருக்கிறது, முதல் தரம், திருப்பி அனுப்பு, கப்பல் தாமதம், மிக அழகு. இதற்கு மேல் அந்த பாஷையில் ஒரு மனுஷனுக்கு என்ன தேவைப்படும் என்று அவர் உண்மையாகவே நினைத்தார். நவநீதம் மாவு ஆட்டும்போதும் துணி அலசும்போதும் அதையே முணுமுணுத்தாள், குழாயடியில் குடம் மாற்றிவைக்கிற பெண்கள் ஒருத்தியையொருத்தி த்ரோப்போ ஸ்பெஸ்ஸோ, ரொம்ப தடிமன், என்று கேலி செய்துகொண்டார்கள்.

பத்தாம் நாள் மாடியில், கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, கணவனிடம் முதல்முறையாக அவருடைய பாஷையில் நவநீதம் பேசினாள். "குவாந்தோ அர்ரீவா லா மெர்ச்சே?" என்று கேட்டாள். சரக்கு எப்போது வந்து சேரும் என்று அர்த்தம், முதல் பாடமே அதுதான்.

காகம் சிரித்தது. இறக்கை இரண்டும் குலுங்க, கைப்பிடிச் சுவரிலிருந்து விழுந்துவிடாமல் நகத்தால் பிடித்துக்கொண்டு சிரித்தது. அது ஏகாம்பரத்தின் சிரிப்பேதான் என்று நவநீதம் மட்டுமல்ல, எதற்கும் லேசில் ஒத்துக்கொள்ளாத முனிரத்தினமும் சொன்னார். நவநீதத்துக்கு முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு அவளும் சிரித்தாள், பிறகு அழுதாள், அழுதுகொண்டே கீழே வந்து பாயிடம் இன்னும் நாலு வார்த்தை கொடுங்கள் என்றாள்.

அப்போது பாய்க்கே ஒரு யோசனை தோன்றியது. வியாபாரிகளோடு பேசும்போது தனக்குப் புரியாவிட்டால் தான் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு, அதைச் சொன்னால் அவர்கள் உட்கார்ந்து விலாவாரியாகச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள், அதனால் எத்தனையோ கப்பலைத் தவறவிட்டிருப்பதாகச் சொன்னார். அந்த வார்த்தை ரக்கோந்தா. கதை சொல்லு என்று அர்த்தம். மறுநாள் நவநீதம் அதைச் சொன்னாள், அன்றிலிருந்து ஏகாம்பரம் கதை சொல்லத் தொடங்கினார்.

ஒவ்வொரு நாளும் ஒரு கதை. ஒவ்வொன்றையும் சேரா ஊனா வோல்தா, ஒரு காலத்தில் ஒன்று இருந்தது, என்று தொடங்குவார். புரியாவிட்டால் அதே கதையை மறுநாளும் சொல்வார், அதற்கு மறுநாளும் சொல்வார், இறக்கையை விரித்துக் காட்டுவார், நடந்து காட்டுவார், மூன்றாம் நாள் அது தானாகப் புரியும், குழந்தைக்குப் பேச்சு வருவது மாதிரி. வால்தோராவில் மார்கழி தையில் மூடுபனி தெருவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், தோல்காரன் ஒருவன் மனைவி அந்தப் பனியைப் புடவை மாதிரி மடித்துப் பெட்டியில் வைத்து, வெயில் காலத்தில் புருஷன் மேல் போர்த்தினாள், அவன் அதற்குள் காணாமல் போய்விட்டான், அவள் வாழ்நாளெல்லாம் போர்வையை உதறிக்கொண்டே இருந்தாள் என்பது ஒரு கதை. மாலை ஆறு மணிக்கு ஊரே சலவைத்துணி போட்டுக்கொண்டு, எங்கும் போகாமல், எதுவும் வாங்காமல், தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சும்மா நடக்கும், அப்படி நடக்காதவனைப் பற்றி ஊர் கவலைப்படும் என்பது கதையா நிஜமா என்று எங்களுக்குச் சந்தேகமாகவே இருந்தது. காலை பதினோரு மணிக்கு மேல் காபியில் பால் கேட்டவனைக் கடைக்காரன் வைத்தியரிடம் அனுப்பினான் என்பது ஒரு கதை. யோகலட்சுமி ஷிப்டு முடிந்து வந்து எல்லாவற்றையும் அம்மா சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதினாள். அவளுக்கு அப்பா என்பவர் அதுவரை போனில் நாலு கேள்வி, இப்போது அறுபது பக்கம்.

கேட்கிற காதும் சும்மா இருக்காது. மாசி முடிவதற்குள் எங்கள் தெருமுனை டீக்கடையில் பதினோரு மணிக்கு மேல் பால் கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஆறு மணிக்குப் பிள்ளையார் கோயிலிலிருந்து ரேஷன் கடை வரைக்கும் நாங்கள் சும்மா நடந்தோம். முதல் வாரம் மாமியார்கள், எங்கே கிளம்பிட்டாளுங்க சிங்காரிச்சிக்கினு, என்று கேட்டார்கள், இரண்டாம் வாரம் அவர்களும் பூ வைத்துக்கொண்டு நடந்தார்கள். தோல் பார்க்க வந்த இத்தாலி வியாபாரி ஒருவர் எங்கள் தெருவைக் கடக்கும்போது ஏழு பேர் அவருக்குப் புவொன் ஜோர்னோ சொல்லவும், இது மலைக்கிராமத்து உச்சரிப்பாயிற்றே என்று திகைத்து, விசாரித்து, மாடிக்கு ஏறி, காகத்தோடு அரைமணி நேரம் பேசிவிட்டுத் தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு இறங்கினார். ஏகாம்பரம் என்ன கேட்கிறார் என்று நாங்கள் பாய் மூலமாக அந்த வியாபாரியிடம் கேட்டோம். குறை ஒன்றும் சொல்லவில்லை, நல்ல பண்புள்ளவர், என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். சரோஜாவுக்கு மட்டும் வருத்தம். அவளும் தன் புருஷன் திதிக்கு இலை போட்டு இத்தாலியில் கூப்பிட்டுப் பார்த்தாள், ஒரு காகம் வந்து வடையைத் தூக்கிக்கொண்டு வாய் பேசாமல் பறந்தது. உயிரோடு இருக்கும்போதும் அப்படித்தான், என்றாள்.

கதை கேட்டால் கதை சொல்ல வேண்டும் அல்லவா. ஒருநாள் காகம் கழுத்தைச் சாய்த்து நவநீதத்தைப் பார்த்து, ரக்கோந்தா, என்றது. அவளிடம் இருந்தது பாயின் தோல் வார்த்தைகளும், காகத்தின் பனி வார்த்தைகளும் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு அவள் பத்தொன்பது வருஷத்தைச் சொல்லத் தொடங்கினாள். யோகலட்சுமி பெரியவளானதைச் சொல்ல, முதல் தரம், கீறல் இல்லை, நிறம் மிக அழகு, என்றாள். வெள்ளத்தில் பின்சுவர் விழுந்ததைச் சொல்ல, ரொம்பத் தண்ணீர், பாதி சரக்கு நாசம், என்றாள். அவர் வர முடியாமல் போன அவர் அம்மாவின் சாவைச் சொல்லும்போது வார்த்தையைத் தேடி வெகு நேரம் நின்றுவிட்டு, சரக்கு போயிற்று, திரும்பி வராது, என்றாள். அன்று காகம் சிரிக்கவில்லை. சுவரிலிருந்து இறங்கி அவள் காலடிவரை நடந்துவந்து, அங்கேயே நின்றது. இதையெல்லாம் போனில் ஏன் சொல்லவில்லை என்று எங்களில் யாரோ கேட்டபோது, தமிழில் சொன்னால் அழுதுவிடுவேன், அவர் அங்கே தனியாக அழுவார், தெரியாத பாஷையில் என்றால் வார்த்தையைத் தேடுவதிலேயே கவனம் போய்விடுகிறது, சொல்ல முடிகிறது என்றாள்.

நடுவில் பங்குனி வந்தது. பங்குனியில் ஏகாம்பரம் சொன்ன ஒரு கதையைக் கேட்டுவிட்டு நவநீதம் கீழே வந்தாள். யோகலட்சுமி நோட்டை எடுத்ததும், இன்றைக்குக் கதை ஒன்றும் இல்லை என்று சொன்னாள். அவள் பொய் சொல்லி நாங்கள் பார்த்ததில்லை, அதனால் நம்பினோம்.

சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. களியும் பன்னும் வெயிலில் ஒத்துக்கொள்ளாமல் அவள் வாடினாள், ரவிக்கை தோளில் நிற்கவில்லை, ஒருநாள் குடத்தோடு குழாயடியில் உட்கார்ந்துவிட்டாள், டாக்டரம்மா ரத்தமே இல்லை என்றார். ஏகாம்பரமும் வாடினார். அவர் வேறெங்கும் எதையும் கொத்தியதாக யாரும் பார்க்கவில்லை. கழுத்துப் பக்கம் இறகு கொட்டிச் சதை தெரிந்தது, குரல் கம்மியது, ஆனாலும் பன்னிரண்டரைக்கு வந்தார், தலையைத் தாழ்த்திக் கும்பிடு சொன்னார், கதை சொன்னார், கதை கேட்டார். கீழே பாயும் நாங்களும் நோட்டைப் புரட்டிப் புரட்டி அவர் குறை எந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்று தேடினோம். முனிரத்தினம் மூன்றாவது கிடாவுக்கு வந்துவிட்டார்.

ஆனி பிறந்த முதல் வாரத்தில் ஷூ கம்பெனிக்கு விடுமுறை வந்தது. யோகலட்சுமி அம்மாவுக்குத் தெரியாமல் மாடிப்படியில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டாள். அன்றைக்கு அவர் சொன்னது அந்தப் பங்குனிக் கதை, மறுபடியும் சொல்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது, எத்தனையாவது முறையோ. ஒரு காலத்தில் ஒருவன் தூரதேசத்திலிருந்து வந்தான், என்று தொடங்கினார். வந்த முதல் ஞாயிறு மேஸ்திரி தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். நீள மேஜையைச் சுற்றிப் பதினோரு பேர். அவன் முன்னால் தட்டு வைத்தார்கள். அவன் ஊரில் விருந்தாளி முதலில் சாப்பிட வேண்டும், வீட்டார் நின்று பரிமாற வேண்டும், அதனால் தட்டு வந்ததும் அவன் சாப்பிடத் தொடங்கினான். பாதித் தட்டு காலியான பிறகு நிமிர்ந்து பார்த்தான். பதினோரு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், அடுப்படியிலிருந்து மேஸ்திரியின் மனைவி வந்து உட்காருவதற்காகக் காத்திருந்தார்கள். அவள் வந்து உட்கார்ந்து, புவொன் அப்பெத்தீத்தோ, நல்லபடியாகச் சாப்பிடுங்கள் என்று சொன்ன பிறகுதான் ஒரு கரண்டி அசைந்தது. அவனுக்கு அன்று ஏற்பட்ட வெட்கம் பத்தொன்பது வருஷமும் போகவில்லை, அதன் பிறகு எல்லோரும் உட்காராத இடத்தில் அவன் ஒரு வாய் சாப்பிட்டதில்லை, அறையில் தனியாகச் சாப்பிட்ட நாளெல்லாம் எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டு வைத்திருந்தான்.

காகம் போன பிறகு யோகலட்சுமி மேலே ஏறினாள். அவர்கள் பேசியதைப் பக்கத்து மாடியில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்த நானே கேட்டேன்.

"உனக்கு இது முன்னாடியே புரிஞ்சிச்சா?"

"ம்."

"எப்பலேர்ந்து?"

"பங்குனிலேர்ந்து."

"நீ சாப்டணும்னு அவரு காத்துக்கினு இருக்காரு, அவரு சாப்டணும்னு நீ காத்துக்கினு இருக்கியா? தெரிஞ்சும் ஏம்மா சும்மா இருந்த?"

"சாப்ட்டா போயிடுவாருடி" என்றாள் நவநீதம்.

அவர் உயிரோடு இருந்தபோதே வாயைத் திறந்து, நீயும் உட்காரு என்று கேட்டிருக்கலாமே என்றாள் யோகலட்சுமி.

"கேட்டாரு" என்றாள் நவநீதம். "லீவுல வந்த மூணு தடவயும் கேட்டாரு, நீயும் ஒக்காருன்னு. யாரு பரிமார்றதுன்னு நான்தான் சிரிச்சிட்டேன். இந்த வீட்ல நானும் அவரும் ஒரு நாள் கூட சேந்து சாப்டல யோகா. இப்பதான் தெனமும் வராரு, பேசறாரு. இது எனக்கு எப்பவும் கெடைக்கல."

மறுநாள் பன்னிரண்டரை ஆகியும் மாடியில் காகம் இல்லை. நவநீதம் இலையோடு நின்றாள். ஒரு மணியானது. அப்போது படிக்கட்டில் சத்தம் கேட்டது, ஒரு தத்தல், ஒரு நிறுத்தம், ஒரு தத்தல், ஒரு நிறுத்தம். பறக்கத் தெம்பில்லாமல் அவர் வாசல் வழியாக வந்து, கூடத்தைக் கடந்து, பதினெட்டுப் படியையும் ஒவ்வொன்றாக ஏறி வந்துகொண்டிருந்தார். கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, புவொன் ஜோர்னோ, சினியோரா, என்றார். தான் அவரைப் பட்டினி போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அந்த நிமிஷம்தான் நவநீதத்துக்கு உறைத்தது. ஆசைக்கு இவ்வளவு கொடுமை உண்டா என்று நினைத்தேன் என்று பிறகு எங்களிடம் சொன்னாள்.

கீழே வந்து முனிரத்தினத்தைக் கூப்பிட்டு அனுப்பினாள். நாளைக்குக் கருமாதிச் சமையல் மறுபடியும் செய்யப்போவதாகவும், மாடியில் அவரோடு தானும் உட்கார்ந்து சாப்பிடப்போவதாகவும் சொன்னாள். அவர் பதறிவிட்டார். போனவருக்கு முன்னால் வாய் வைத்தால் படையல் எச்சிலாகிவிடும், ஏழு தலைமுறையில் யாரும் செய்யாத காரியம், நான் உயிரோடு இருக்கும்வரை நடக்காது என்றார். அவரும் தம்பியைப் பற்றிய அக்கறையில்தான் சொன்னார், அதை அவளும் அறிவாள்.

"மாமா, அவருக்கு எச்சில் இல்ல கொற" என்றாள். "தனியா சாப்பிடறதுதான் கொற."

மறுநாள் கத்தரிக்காய்க் காரக்குழம்பும் மொச்சைப் பொரியலும் வடையும் பாயசமும் மாடிக்கு ஏறின. நாலு இலை போட்டார்கள், கிழக்கே பார்த்து ஒன்று, எதிரே மூன்று. அண்டை மாடியெல்லாம் தலையாக இருந்தது. யோகலட்சுமி அவரைப் படியடியிலிருந்து இரண்டு கையாலும் ஏந்தி எடுத்துவந்து இலைக்கு முன்னால் விட்டாள். அப்பாவை அவள் தொட்டதை நாங்கள் அன்றுதான் பார்த்தோம். நவநீதம் எதிர் இலையில் உட்கார்ந்தாள். கைகால் எங்கே வைப்பது என்று தெரியாமல், புதுப்பெண் மாதிரி, முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். காகம் சாப்பிடவில்லை. அவர் பார்வை கரண்டியோடு நின்றிருந்த யோகலட்சுமியிடம் போயிற்று, அவள் கரண்டியைக் குண்டானில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அப்போதும் சாப்பிடவில்லை. தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றிருந்த இத்தாலி பாயைப் பார்த்தார், பாய் அங்கேயே தரையில் உட்கார்ந்தார். பிறகு சுற்றியிருந்த மாடிகளைப் பார்த்தார், நின்றுகொண்டிருந்த எங்களை ஒவ்வொருவராக, பதினாறாம் நாள் பார்த்த அதே மாதிரி. அன்றைக்குப் புரியாதது இப்போது புரிந்தது. சரோஜா உட்கார்ந்தாள், நான் வற்றல் முறத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன், டீக்கடைக்காரர் உட்கார்ந்தார், இலை இருந்தவர்கள் இல்லாதவர்கள் எல்லோரும், சுடுகிற தரையில், மாடி மாடியாக உட்கார்ந்தோம். முனிரத்தினம் ஒருவர் மட்டும் படிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காகம் அவருக்காகக் காத்திருந்தது. அவசரப்படுத்தவில்லை. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தார்களோ தெரியாது, சோற்றில் ஆவி அடங்கிவிட்டது. கடைசியில் முனிரத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, யோகலட்சுமிக்குப் பக்கத்து இலையில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

நவநீதம், "புவொன் அப்பெத்தீத்தோ" என்றாள். ஐந்து மாதம் கழித்துச் சோற்றில் கை வைத்து, பிசைந்து, ஒரு கவளம் வாயில் போட்டாள். அவள் தொண்டையில் அது இறங்குவதைப் பார்த்துவிட்டு, ஏகாம்பரம் குனிந்து கொத்தினார்.

பிறகு அவர்கள் பேசத் தொடங்கினார்கள். சாப்பாட்டை நடுவில் விட்டு எழக் கூடாது, பேச்சு முடிகிறவரை யாரும் எழக் கூடாது என்பது வால்தோரா வழக்கம், அதை அவள் நன்றாகக் கற்றிருந்தாள். பருக்கை பருக்கையாகச் சாப்பிட்டாள். அவரும் பருக்கை பருக்கையாகச் சாப்பிட்டார். கத்தரிக்காய் முற்றல் என்றாள், உப்பு சரியாக இருக்கிறது என்றார், மழை வரும் என்றாள், வரட்டும் என்றார். போனில் பேசியதைவிடப் பெரிதாக ஒன்றும் பேசவில்லை, ஆனால் முகம் பார்த்துப் பேசினார்கள். அவர் இலை காலியானபோது தன் இலையிலிருந்து ஒரு கைப்பிடி தள்ளினாள், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார். மறுபடி தள்ளினாள், சாப்பிட்டார். மூன்றாம் முறை அவள் இலையிலும் ஒன்றும் இல்லை.

நிழல் நீண்டு எங்கள் முதுகு ஆறத் தொடங்கிய நேரம் அவர் தண்ணீர் குடித்தார், க்ராத்ஸியே, நன்றி, என்றார், மகளையும் அண்ணனையும் பார்த்தார், கடைசியாக அவளைப் பார்த்தார். பிறகு இறக்கையை விரித்து, தெம்பாக, ஒரே வீச்சில் எழும்பி ஆற்று மணலைப் பார்க்கப் பறந்தார். போகும்போது கா என்று கத்தினார். அதில் எந்த பாஷையும் இல்லை. நவநீதம் அழவில்லை, கை காய்ந்துபோக அப்படியே உட்கார்ந்திருந்தாள், அவள் எழாததால் நாங்களும் எழவில்லை.

கருமாதி இலையை எதிர்ப்பக்கமாகத்தான் மடிக்க வேண்டும், இப்படி ஒரு சாப்பாடு இந்த வீட்டில் இனி வேண்டாம் என்பதற்காக. கல்யாண இலையைத்தான் தன் பக்கம் மடிப்பார்கள். நவநீதம் தன் இலையின் மேல்பாதியைப் பிடித்துத் தன் பக்கமாக மடித்தாள், மடித்த இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை நீவினாள். முனிரத்தினம் அதைப் பார்த்தார். அவரும் தன் இலையைத் தன் பக்கமாகவே மடித்தார்.